ஒன்பது அங்குல மெழுகு: ஜான் டீ அளந்த ஆவி உலகம்

மெழுகு தூய்மையாக்கப்பட்டதாக இருக்க வேண்டும். நிறம் எதுவானாலும் சரி. விட்டம் 9 அங்குலம். சுற்றளவு 27 அங்குலம், "இன்னும் சற்றுக் கூட". தடிமன் ஓர் அங்குலமும் எட்டில் ஒரு பங்கும். பின்புறம் ஒரு சிலுவை. 1582 மார்ச்சில், லண்டனுக்கு மேற்கே தேம்ஸ் கரையிலுள்ள மோர்ட்லேக்கில், ஊரியேல் என்னும் தேவதூதர் சொன்னதாக, எலிசபெத் அரசி காலத்து ஆங்கிலக் கணிதர் ஜான் டீ எழுதிவைத்த, மெழுகு முத்திரை ஒன்றின் செய்முறை இது. எழுதியவருக்கு அப்போது வயது 54. யூக்ளிடின் வடிவியல் நூலின் முதல் ஆங்கிலப் பதிப்புக்கு நெடிய முன்னுரை எழுதியவர். 9 அங்குல விட்டம் என்றால் சுற்றளவு 28 அங்குலத்தைத் தாண்டிவிடும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனாலும் திருத்தவில்லை. சொன்னதைச் சொன்னபடி, அந்த "சற்றுக் கூட" உட்பட, குறித்துக்கொண்டார்.

டீயைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவரை இரண்டாக வெட்டிவிடுவார்கள். 1580 வரை கணிதர், வானியலர், மாலுமிகளின் ஆசான். அதன் பிறகு பளிங்குக் கல்லில் தூதர்களைத் தேடி வாழ்வைத் தொலைத்த ஏமாளி. அவருடைய குறிப்பேடுகளுக்கு இந்த வெட்டு பொருந்துவதில்லை. 1583 தொடக்கத்தில் இங்கிலாந்தின் நாட்காட்டியைத் திருத்துவது பற்றி அரசுக்கு அறிக்கை தருகிறார்: கணக்குப்படி 11 நாள்களை நீக்க வேண்டும், மற்ற நாடுகளோடு ஒத்துப்போக 10 போதும் என்பது அவர் முடிவு. அதே ஆண்டு மார்ச் 26-ஆம் தேதி, தூதர்கள் காட்டிய 21 எழுத்துகளைக் குறிக்கிறார். நாட்காட்டி அறிக்கையை ஆயர்கள் தள்ளிவிட்டார்கள், எழுத்துகள் மிஞ்சின. இரண்டு வேலைக்கும் இடம் இருந்த ஓர் உலகப் படம் அவர் மனத்தில் இருந்தது. ஆவிகளைப் பற்றிய அவருடைய கருத்தெல்லாம் அந்தப் படத்திலிருந்து வந்தவை என்பதால் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

மூன்று வகைப் பொருள்கள்

1570-இல் வெளியான அந்த யூக்ளிட் முன்னுரையில், இருப்பவை அனைத்தையும் டீ மூன்று வகையாகப் பிரிக்கிறார். ஒன்று இயற்கைப் பொருள்கள்: சடமானவை, கூட்டாலானவை, பிரிபடுபவை, அழிபவை, மாறுபவை. இன்னொன்று இயற்கைக்கு மேலானவை: சடமற்றவை, தனித்தவை, பிரிபடாதவை, அழியாதவை, மாறாதவை. இவற்றுக்கு நடுவே மூன்றாவதாகக் கணிதப் பொருள்களை வைக்கிறார். எண்ணும் கோடும் வட்டமும் சடமற்றவைதாம். ஆனால் சடப்பொருளில் வரைந்து காட்டலாம், மனத்தில் பிரித்தும் பார்க்கலாம். மேலே பார்த்தால் தெய்வத்தை நோக்கியும், கீழே பார்த்தால் கப்பியையும் கப்பலையும் நோக்கியும் போகும் படிக்கட்டு இது.

இந்த அமைப்பில் தேவதூதர் என்பவர் உலக ஒழுங்கைக் கிழித்துக்கொண்டு வரும் அதிசயம் கிடையாது. அதே ஒழுங்கின் மேல்முனையில் இருப்பவர். படிக்கட்டு ஒன்றுதான் என்றால், கீழ்ப்படியில் பயன்பட்ட முறைகளான அளவு, எண், நேரம், பதிவு ஆகியவை மேல்படியிலும் பயன்பட வேண்டும். மெழுகு வட்டுக்கு அங்குலக் கணக்கு வந்தது இப்படித்தான்.

இதற்கு முன்பே, 1558-இல், நிலப்படம் வரைந்த மெர்காட்டருக்குக் காணிக்கையாக்கி 120 சூத்திரங்களை வெளியிட்டிருந்தார். லூவேன் நகரில் இருவரும் நெருங்கிப் பழகியவர்கள். ஒவ்வொரு பொருளும் தன் ஆற்றலைக் கதிர்களாக எல்லாத் திசையிலும் வீசிக்கொண்டிருக்கிறது என்பது அந்த நூலின் அடிப்படை. 9-ஆம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல்கிண்டியிடமும் 13-ஆம் நூற்றாண்டு ரோஜர் பேக்கனிடமும் இருந்த கருத்துதான் இது. டீ அதைக் கணக்காக்கப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாமல், தொடாமல், தொலைவிலிருந்தே இரும்பை இழுக்கும் காந்தம் அவருக்குக் கண்கண்ட சான்று. மற்றப் பொருள்களில் மறைந்திருப்பதைக் கடவுள் காந்தத்தில் வெளிப்படையாகக் காட்டிவிட்டார் என்கிறார். ஒரு கோளின் தாக்கத்தைச் சொல்ல வேண்டுமானால் அதன் உண்மையான அளவு, பூமியிலிருந்து தொலைவு, கதிர் விழும் கோணம், எவ்வளவு நேரம் விழுகிறது என்பவையெல்லாம் தெரிய வேண்டும். செங்குத்தாக விழும் கதிருக்கே வலு அதிகம். கோள்களின் சேர்க்கைகளை வலுவுக்கேற்ப வகைப்படுத்தினால் 25,000-க்கும் மேல் வருகிறது. அளவெடுக்காமல் பலன் சொன்ன சோதிடர்கள் மீது அவருக்கு இருந்த எரிச்சல் இங்கிருந்து வந்தது. சோதிடத்தை அவர் கைவிடவில்லை, இயற்பியலாக்க முயன்றார்.

கதிர்கள் போதுமான இடத்தில் ஆவியை அழைக்காதே என்பது இந்தக் கட்டத்தில் அவர் நிலைப்பாடு. 1557-இல் ரோஜர் பேக்கனுக்கு ஆதரவாக ஒரு வாதநூலே எழுதினார்: பேக்கன் செய்த வியப்புகளெல்லாம் இயற்கையால் ஆனவை, பேய்களின் துணையால் ஆனவை அல்ல என்று. 1572-இல் வானில் ஒரு புதிய விண்மீன் வெடித்து ஒளிர்ந்தபோது அதைச் சகுனம் என்று விட்டுவிடாமல், இடமாறு தோற்றத்தை (பார்க்கும் இடம் மாறினால் பொருள் நகர்ந்ததுபோல் தெரிவதை) அளக்கும் முக்கோணவியல் முறைகளை 1573-இல் அச்சிட்டார். நிலவுக்குக் கிட்டத்தட்ட ஒரு பாகை இடமாற்றம் தெரியும். அந்த விண்மீனுக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. ஆகவே அது நிலவுக்கும் அப்பால்.

பேய் வேண்டாத வித்தைகள்

மந்திரவாதி என்ற பெயர் அவருக்கு இளமையிலேயே ஒட்டிக்கொண்டது. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் அரிஸ்டோஃபனீஸின் கிரேக்க நாடகம் ஒன்றை மேடையேற்றியபோது, பெரிய வண்டு ஒன்று முதுகில் ஆளையும் உணவுக் கூடையையும் சுமந்துகொண்டு மேலே பறக்கும்படி செய்தார். பார்த்தவர்கள் மிரண்டார்கள். எந்த விசையால் தூக்கினார் என்று அவர் எழுதிவைக்கவில்லை. ஆனால் 1570 முன்னுரையில் வியப்பூட்டும் வேலைகளைச் செய்யும் கணிதக் கலை என்று ஒரு துறையையே வகுத்து, அதன் வழிகளைச் சொல்கிறார்: நீர் அல்லது காற்றின் அழுத்தம், எடைகள், இழுத்துக் கட்டிய கயிறுகள், சுருள்வில்கள். வண்டுக்கு இவற்றில் எடையும் கயிறுமே போதும்.

1555-இல் அவரைக் கைது செய்தபோது குற்றப் பட்டியலில் "கணக்கிடுதல்" என்பதும் இருந்தது. அரசி மேரிக்கும் இளவரசி எலிசபெத்துக்கும் ஜாதகம் கணித்தார் என்பது புகார். கணக்குப் போடுவதும் பேயை ஏவுவதும் ஒரே மூச்சில் சொல்லப்பட்ட காலம் அது. இதற்கு அவர் தந்த பதில்தான் முன்னுரையின் மிகக் காரமான பகுதி: இயற்கையாலும் கணிதத்தாலும் இயந்திரத்தாலும் ஆன செயல்களைக் கண்டு, செய்தவனைப் பேயை ஏவுபவன் என்று சொல்லலாமா?

அதே நூலில் வரும் ஒரு கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். சர் வில்லியம் பிக்கரிங் என்பவரிடம் இருந்தது, பிறகு டீயிடம் வந்தது. அதன் முன் வாளை நீட்டிப் பாய்ந்தால், கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு கை வாளோடு நம் மீது பாயும். 1575 மார்ச்சில் எலிசபெத் அரசி மோர்ட்லேக்குக்கு வந்து இதைப் பார்த்துவிட்டுப் போனார். வர்ணனையைப் பார்த்தால் இது குழியாடி. வளைவு ஆரம் 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் குவியத் தொலைவு 1 மீட்டர். 3 மீட்டர் தள்ளி நிற்பவரின் பிம்பம் ஆடிக்கு முன்னால், 1.5 மீட்டர் தொலைவில், பாதி அளவில், தலைகீழாகக் காற்றில் மிதக்கும். வாளை முன்னே நீட்ட நீட்ட அதன் பிம்பம் எதிர்த்து வரும். நுனி சரியாக 2 மீட்டரைத் தொடும்போது பிம்ப நுனியும் அங்கேயே வந்து மோதும், அளவும் சமமாக இருக்கும். இன்னும் நீட்டி 1.5 மீட்டருக்குக் கொண்டுபோனால் பிம்ப நுனி 3 மீட்டருக்கு வந்துவிடும், அதாவது நிற்பவரின் முகத்துக்கே.

செய்து பார்க்கிறவர்களுக்கு இது பெரும்பாலும் தவறிப்போவது மூன்று காரணங்களால். பிம்பம், ஆடியில் பட்டுத் திரும்பும் ஒளிக்கூம்புக்குள் கண் இருந்தால் மட்டுமே தெரியும். ஓரடி விலகினாலும் மறைந்துவிடும். வாளின் மேல் ஒளி விழ வேண்டும், பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வெளிச்சத்தில் இருந்தால் பிம்பம் கரைந்துபோகும். ஆடியின் வளைவு சீராக இல்லாவிட்டால் நுனியின் பிம்பம் ஒரு புள்ளியில் கூடாமல் மேகமாகிவிடும். இப்படிப்பட்ட ஆடி வீட்டில் இருந்தும், அதை வைத்து ஆவி காட்டுவதாக ஊரை நம்பவைக்காமல், இது ஒளியியல் என்று அச்சிலேயே போட்டவர் டீ. பின்னால் நடந்ததை மோசடி என்று சொல்ல வருகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

மேசை, கல், ஆள்

பிறகு ஏன் தூதர்களிடம் போனார்? அவரே காரணம் எழுதியிருக்கிறார். பல நாடுகளில் பல ஆண்டு நூல்களையும் அறிஞர்களையும் தேடியாயிற்று. தான் தேடும் மெய்யறிவை எந்த மனிதராலும் எந்த நூலாலும் தர முடியவில்லை. விவிலியத்தில் வரும் ஏனோக்கோடு பேசிய கடவுள் தன்னிடமும் தூதரை அனுப்பலாம். சொன்னவர் சாதாரண வாசகர் கிடையாது. மோர்ட்லேக் வீட்டில் அச்சு நூல்களும் கையெழுத்துப் பிரதிகளுமாகச் சுமார் 4000 இருந்ததாக அவர் கணக்கு. படித்து முடித்தவரின் ஏமாற்றம் இது.

இங்கே அவர் வரைந்த எல்லைக்கோட்டைக் கவனிக்க வேண்டும். செத்தவர்களின் ஆவியை அவர் கூப்பிடவில்லை. பேயைக் கட்டி வேலை வாங்கவில்லை. கடவுளிடம் மன்றாடுவார், அனுப்பினால் தூதர் வருவார். கட்டளை இல்லை, பேரம் இல்லை, பலி இல்லை. 1596-இல், அவர் மான்செஸ்டர் கல்லூரியின் தலைவராக இருந்தபோது, லங்காஷயரில் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று உதவி கேட்டு வந்தார்கள். தாம் தலையிட மறுத்து, இறைப்பற்றுள்ள போதகர்களை அழைத்து நோன்பிருந்து ஜெபிக்கச் சொன்னார். அங்கே ஏற்கெனவே வித்தை காட்டிக்கொண்டிருந்த ஹார்ட்லி என்ற மந்திரவாதியைக் கண்டித்து அனுப்பினார்.

அமர்வுக்கான ஏற்பாடு இது. நறுமண மரத்தில், இரண்டு முழம் சதுரம், இரண்டு முழம் உயரத்தில் ஒரு மேசை. தரையில் இரண்டு கஜச் சதுரமுள்ள சிவப்புப் பட்டு. மேசையின் நான்கு கால்களுக்கும் அடியில் நான்கு சிறிய மெழுகு முத்திரைகள். மேலே நடுவில் 9 அங்குலப் பெரிய முத்திரை. அதன் விளிம்பில் எழுத்தும் எண்ணும் நிரம்பிய 40 கட்டங்கள், உள்ளே எழுகோணமும் ஏழுமுனை விண்மீனும் நடுவில் ஐந்துமுனை விண்மீனும். அதன்மேல் குஞ்சங்கள் தொங்கும் இன்னொரு சிவப்புப் பட்டு. எல்லாவற்றுக்கும் மேலே கல். பெரிய முத்திரையும் சிறியவற்றில் இரண்டும் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மேசை போய்விட்டது, அதன் மேற்பலகையின் பளிங்குக்கல் நகல் ஆக்ஸ்ஃபோர்டில் உள்ளது.

வேலை நடக்கும் விதம், மை போட்டுப் பார்ப்பதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். பார்ப்பவர் ஒருவர், கேட்பவர் ஒருவர். டீ முதலில் ஜெபிப்பார். பார்ப்பவர் கல்லின் முன் அமர்ந்து, உள்ளே திரை விலகுவதையும், யார் வருகிறார், என்ன உடை, என்ன சொல்கிறார் என்பதையும் வாய்விட்டுச் சொல்வார். டீ கேள்வி கேட்பார், பதிலை எழுதுவார், நேரத்தையும் குறிப்பார். குறிப்புகளில் தன் பெயருக்குப் பதில் கிரேக்க டெல்ட்டா முக்கோணத்தைப் போட்டுக்கொள்வார். ஓர் ஆய்வுக்கூடப் பதிவேட்டுக்கு வேண்டிய எல்லாம் அதில் உண்டு: யார் பேசியது, எப்போது, சொன்னது எது, டீ தானாகச் சேர்த்தது எது. 16-ஆம் நூற்றாண்டில் இயற்கைச் சோதனைகளைக்கூட இவ்வளவு ஒழுங்காக எழுதிவைத்தவர்கள் குறைவு.

1581 டிசம்பரில் பர்னபாஸ் சால் என்பவரோடு பதிவுகள் தொடங்குகின்றன. 1582 மார்ச்சில் எட்வர்ட் கெல்லி வந்தார், முதலில் டால்பட் என்ற பெயரில். அடுத்த ஐந்தாண்டுப் பதிவுகளில் மிகப் பெரும் பகுதி அவர் கண் வழியாக வந்ததுதான்.

தூதர்கள் சொன்ன உலகம் எப்படிப்பட்டது? அதே நூற்றாண்டின் மருத்துவர் பாராசெல்சஸ் நீருக்கும் காற்றுக்கும் மண்ணுக்கும் நெருப்புக்கும் தனித்தனி உயிரினங்கள் உண்டு, அவற்றுக்கு மனித உடல் உண்டு, ஆன்மா மட்டும் இல்லை என்று எழுதியிருந்தார். டீ பாராசெல்சஸின் நூல்களைத் தேடித்தேடி வாங்கியவர். ஆனாலும் அவர் பதிவுகளில் பூதங்களைவிட எண்களே ஆள்கின்றன. வாரத்தின் ஏழு நாளுக்கு ஏழு அரசர்கள், ஏழு இளவரசர்கள், அவர்களுக்குக் கீழே 42 பேர் கொண்ட அமைச்சர் குழுக்கள். வானத்தில் 30 அடுக்குகள். பூமியை 91 பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர். படிக்கிறவருக்கு இது ஆவி உலகமா அரசாங்கமா என்ற ஐயம் வந்தால் வியப்பில்லை. தூதர்கள் தந்த நூலொன்றில் பக்கத்துக்கு 49 வரிசை, 49 நிரல், ஆக 2401 கட்டங்கள். கட்டத்துக்கு ஓர் எழுத்து. இப்படிப் பல பத்துப் பக்கங்கள்.

1584-இல் கிராக்கோ நகரில் தூதர்களின் மொழியில் அழைப்புகள் வந்தபோது, தூதர் கோலால் கட்டங்களைச் சுட்ட, கெல்லி இடத்தைச் சொல்ல, டீ எழுத்தை எழுதினார். முதல் அழைப்பு பின்னிருந்து முன்னாக வந்தது. நேராகச் சொன்னால் அழைக்கப்படுபவை வந்துவிடும் என்பது காரணம். ஆங்கிலப் பொருள் தனியே, பிறகு தரப்பட்டது.

எங்கே பிசகியது

ஆவிகள் உண்டு என்று நம்பியதை டீயின் தவறாகச் சொல்ல முடியாது. அன்று ஆயர் முதல் மாலுமி வரை நம்பியது அது. ஏற்பாட்டில் எல்லாப் பாகங்களுக்கும் அளவு இருந்தது, பார்க்கிற ஆளுக்கு மட்டும் இல்லை. மெழுகின் தடிமனை எட்டில் ஒரு பங்கு அங்குலம் வரை கவனித்தவரால் கெல்லியின் கண்ணைச் சரிபார்க்க எந்த வழியும் வகுக்க முடியவில்லை. 1581 மே 25-இல் தானே பளிங்கில் ஒன்றைக் கண்டதாக ஒற்றை வரி எழுதியிருக்கிறார். அதை விட்டால், தன்னால் பார்க்க முடிவதில்லை என்பதே அவருடைய தீராக் குறை.

வருவது நல்ல தூதரா, வேடமிட்ட தீய ஆவியா என்று அவர் சோதிக்காமல் இல்லை. கடவுள் பெயரை மரியாதையோடு சொல்கிறதா, சொல்வது வேதத்துக்கு ஒத்துப்போகிறதா, ஜெபத்துக்குப் பின்னும் நிற்கிறதா என்று பார்ப்பார். இவையெல்லாம் பேசுபவரின் நடத்தையைச் சோதிப்பவை. சொன்ன செய்தி உண்மையா என்று வேறு வழியில் சரிபார்ப்பவை அல்ல. வேதம் அறிந்த எவரும் இந்தச் சோதனையில் தேறிவிடலாம்.

சரிபார்க்கக்கூடிய செய்தி எப்போதாவது வந்ததா? வந்தது, அதுதான் சிக்கலைக் காட்டிக்கொடுத்தது. 1584 மே மாதம் பூமியின் 91 பகுதிகளின் பெயர்கள் வந்தன. மறுநாள் கெல்லியே, அதே நூற்றாண்டின் ஜெர்மானிய எழுத்தாளர் அக்ரிப்பாவின் மந்திர நூலைக் கொண்டுவந்து, இந்தப் பெயர்கள் இதில் அப்படியே இருக்கின்றன, தூதர்கள் நம்மை ஏமாற்றுகிறார்கள் என்று கத்தினார். பெயர்கள் பண்டைய அறிஞர் தொலெமியின் புவியியலிலிருந்து அக்ரிப்பா எடுத்தவை. ஐயப்பட வேண்டியவர் டீ, காக்க வேண்டியவர் கெல்லி என்று நாம் எதிர்பார்ப்போம், நடந்தது தலைகீழ். பழைய நூலோடு ஒத்துப்போவதில் டீக்குத் திருப்தியே. பொருந்துவது உண்மைக்குச் சான்று என்று எடுத்துக்கொண்டார்; பொருந்துவது நகலெடுத்ததற்கும் சான்றாகலாம் என்பதை ஏற்க மனமில்லை. தன் அறிவின் படிக்கட்டில் புதிதாக ஒன்றைக்கூடத் தராத ஒரு பதிலை, மேலிருந்து வந்த உறுதி என்று வரவேற்றார்.

எதிர்காலக் கூற்றுகள் இன்னும் மோசம். போலந்துப் பிரபு லாஸ்கிக்கு அரசுரிமை கிட்டும் என்ற நம்பிக்கை ஊட்டப்பட்டது, கிட்டவில்லை. 1584 செப்டம்பரில் பிராக் அரண்மனையில் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப்பை நேரில் கண்டு, பாவங்களை விட்டுத் திருந்தும்படி தூதர் சொல்வதாகச் சொன்னார். இரண்டாம் முறை பேரரசர் நேரில் பார்க்கவில்லை. 1586-இல் நாட்டைவிட்டே போகச் சொல்லிவிட்டார்கள்.

ஏற்பாட்டுக்கு உண்மையான பரீட்சை 1587 ஏப்ரலில் தற்செயலாக நடந்தது. பொஹீமியாவின் திரெபோனில், இனிப் பார்க்க மாட்டேன் என்று கெல்லி மறுத்துவிட்டார். டீ தன் மகன் ஆர்தரைக் கல்லின் முன் உட்காரவைத்தார். ஏழு வயது நிறைந்த பிள்ளை. கல் அதே, ஜெபம் அதே, மாறியது பார்க்கிற கண் மட்டும். பையனுக்குத் தெரிந்தது சில கோடுகள், எழுத்துகள், மங்கிய உருவங்கள். பேச்சு எதுவும் வரவில்லை. சில நாளில் கெல்லி திரும்ப உட்கார்ந்ததும் கல் மடைதிறந்தது. வந்த செய்திதான் மனைவியர் உட்பட எல்லாவற்றையும் இருவரும் பொதுவாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டளை. டீ கலங்கினார், ஜெபித்தார், கடைசியில் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டார். மே மாதத்தோடு கெல்லியுடனான அமர்வுகள் ஓய்ந்தன. கருவி ஒன்றை மாற்றியதும் முடிவு மாறியது என்ற தரவு அவர் கைப்பட எழுதிய பக்கங்களிலேயே இருக்கிறது. அவர் அதைச் சிறுவனின் தகுதிக்குறைவு என்று படித்தார்.

பிற்காலத்திலும் இதே படிப்புமுறைதான். பார்த்தலமியூ ஹிக்மன் என்பவர் பல ஆண்டு பார்த்துச் சொன்னவை பொய் என்று முடிவாகி, 1600 செப்டம்பரில் சாட்சிகள் முன்னிலையில் அத்தனை பதிவுகளையும் எரித்தார். பிழையான தரவை எரிக்கும் துணிவு இருந்தது. வழியே பிழையாக இருக்கலாம் என்ற எண்ணம் வரவில்லை. 1607-இல் அதே ஹிக்மனை மறுபடி கல்லின் முன் உட்காரவைத்தார்.

கெல்லி பொய்யர் என்று முத்திரை குத்திவிடுவது எளிது. ஆனால் கல்லில் ஒன்றுமே தெரியாது என்பதும் சரியல்ல. ஒரே புள்ளியை அசையாமல் பார்த்தால் பார்வையின் ஓரத்தில் உள்ளவை மறையும் என்று 1804-இலேயே டிராக்ஸ்லர் கண்டார். 2010-இல் இத்தாலிய உளவியலாளர் ஜொவான்னி கபூட்டோ, 50 பேரை மங்கிய அறையில் கண்ணாடி முன் 10 நிமிடம் உட்காரவைத்தார். 66 விழுக்காட்டினர் தங்கள் முகம் பெரிதும் சிதைவதைக் கண்டார்கள். 48 விழுக்காட்டினருக்கு விசித்திரமான, கொடூரமான உருவங்கள் தெரிந்தன. ஒரு நிமிடம் ஆவதற்குள்ளேயே பலருக்குத் தொடங்கிவிடுகிறது. கெல்லிக்குக் கல்லில் ஏதோ அசைந்திருக்கலாம். நீண்ட உரைகளும் எழுத்துக் கட்டங்களும் கண்ணின் மயக்கத்தால் மட்டும் வருபவை அல்ல. அவற்றைப் பார்ப்பவரின் நினைவும் படிப்பும் நிரப்பியாக வேண்டும். தூதர்மொழியை ஆராய்ந்த ஆஸ்திரேலிய மொழியியலாளர் டொனால்ட் லேகாக், 1584 அழைப்புகளின் ஒலியும் இலக்கணமும் ஆங்கிலத்தையே ஒத்திருப்பதைக் காட்டினார். 1583-இல் வந்த பழைய பகுதிகளோ ஒலிகள் திரும்பத்திரும்ப வரும் பரவசப் பேச்சைப் போன்றவை.

பின்னால் படித்தவர்கள்

1604-இல், பேயை ஏவுபவன் என்ற பழியிலிருந்து விடுவிக்கும்படி முதலாம் ஜேம்ஸ் அரசருக்கு டீ மனு கொடுத்தார். குற்றம் நிரூபிக்கப்பட்டால் கல்லெறிந்தோ உயிரோடு புதைத்தோ எரித்தோ கொல்லட்டும் என்றார். அரசர் கண்டுகொள்ளவில்லை. சில ஆண்டுகளில் டீ இறந்தார்.

குறிப்பேடுகளுக்கு நடந்தது தனிக் கதை. ஒரு பகுதி சுவடி சேகரிப்பாளர் ராபர்ட் காட்டன் கைக்குப் போய், 1659-இல் மெரிக் கசோபன் என்ற அறிஞரின் பதிப்பில் அச்சேறியது. கசோபனின் கருத்து விசித்திரமானது: டீ நேர்மையானவர், வந்த ஆவிகளும் உண்மை, ஆனால் அவை அத்தனையும் பேய்கள். ஆவியே இல்லை என்கிற நாத்திகரை மடக்க இதைவிட நல்ல சான்று கிடைக்காது என்று நினைத்தார். இன்னொரு பகுதி ஒரு பெட்டியின் மறைவான அறையில் கிடந்து 1662-இல் வெளிப்பட்டது. வீட்டு வேலைக்காரப் பெண் பணியாரத் தட்டுக்கு அடியில் விரிக்கப் பாதியைத் தீர்த்துவிட்டாள். 1666 லண்டன் தீயில் பெட்டி எரிந்தது, எஞ்சிய தாள்கள் பிழைத்து 1672-இல் பழம்பொருள் ஆர்வலர் எலியாஸ் ஆஷ்மோலிடம் சேர்ந்தன.

17-ஆம் நூற்றாண்டு விஞ்ஞானி ராபர்ட் ஹூக் வேறு மாதிரி படித்தார். இவை ஆவிப் பேச்சே அல்ல, அரசியல் உளவுச் செய்திகளை மறைத்த சங்கேதம் என்றார். இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது, முன்னுதாரணம் உண்டு. ஜெர்மானியத் துறவி டிரித்தேமியஸின் மறைஎழுத்து நூல் பார்வைக்கு ஆவிகளை அழைக்கும் மந்திரங்களாகவே இருக்கும். டீ 1563-இல் ஆன்ட்வெர்ப்பில் அதன் பாதியைப் பத்து நாளில் கையால் பகர்த்தெடுத்து, அது எவ்வளவு அரியது என்று அமைச்சர் செசிலுக்கு எழுதினார். முதல் இரண்டு பாகங்கள் சங்கேதக் கலை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. மூன்றாவது மட்டும் அசல் மந்திரம் என்றே 20-ஆம் நூற்றாண்டு வரை நம்பினார்கள். 1990-களில் தாமஸ் எர்ன்ஸ்ட்டும் ஜிம் ரீட்ஸும் தனித்தனியே அதையும் உடைத்தார்கள். அதுவும் சங்கேதமே. டீயின் கட்டங்களை அப்படி யாரும் உடைக்கவில்லை. ஐந்தாண்டுக் குடும்பச் சண்டைகளும் ஜெபங்களும் கடன் தொல்லைகளும் இழையோடும் ஒரு பதிவை உளவுக்கு மூடுதிரை என்று நம்புவதும் கடினம்.

டீயின் பெயரோடு எப்போதும் படம் போடப்படும் கறுப்புக் கண்ணாடி பற்றியும் ஒரு வார்த்தை. மெருகேற்றிய எரிமலைக் கண்ணாடி வட்டு அது. 1966-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்தது. 2021-இல் எக்ஸ் கதிர் ஒளிர்வு முறையில் சோதித்து, கல் மெக்சிகோவின் பச்சூக்காவிலிருந்து வந்தது என்று உறுதிசெய்தார்கள். அஸ்டெக் பொருள் என்பதில் ஐயமில்லை. டீ அதில் பார்த்தார் என்பதற்குக் கையில் இருப்பதோ 18-ஆம் நூற்றாண்டில் அதை வைத்திருந்த எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் ஒட்டிய சீட்டு மட்டுமே.

மூலத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் கசோபன் பதிப்பிலிருந்து தொடங்கினால் தடுமாறுவார்கள். அது 1583 மே 28-இல் மடிமி என்ற சிறுமி வடிவத் தூதர் வீட்டுக்குள் ஓடி விளையாடும் காட்சியோடு நேரே தொடங்குகிறது. மேசை, முத்திரை, ஏழு நாள் அரசர்கள் எல்லாம் அதற்கு முந்தியவை. அவை பிரிட்டிஷ் நூலகத்தின் ஸ்லோன் 3188 சுவடியில் இருக்கின்றன. எழுத்துக் கட்டங்கள் ஸ்லோன் 3189-இல், கெல்லியின் கையெழுத்தில். அந்த வரிசையில் படித்தால்தான், யார் எந்த எண்ணை எப்போது சொன்னார் என்பதும் அது அடுத்த அமர்வில் எப்படி மாறியது என்பதும் பிடிபடும்.